குதிகாலில் சிவப்பு அம்பு

மாலை நான்கு மணி பத்து நிமிடம், பதினாறு பெண்கள், பதினேழாவதாக மயிலாத்தாள். 2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். மற்ற பதினாறு பேரும் நான்கு மணிக்கே வந்துவிட்டார்கள். பெயரெல்லாம் எழுதிக் கோடு போட்ட பிறகு அவர் வந்தார். அதனால் கோட்டுக்குக் கீழே தனியாக இருக்கிறது அந்தப் பெயர்.

இந்தச் சட்டம் உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன். கண்ணாடி போட்ட படம், மேலே சாமான் தட்டில் வைக்க மனசு வரவில்லை. லக்கேஜ் டிக்கெட் போடட்டுமா என்று கேட்ட கண்டக்டர், போட்டோ என்றதும் போய்விட்டார். யார் போட்டோ என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன், திருப்பூர் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

என் பெயர் தேவசகாயம். சென்னையில் 'எடை' என்று ஒரு நடனக் குழு. அதில் நான் ஒத்திகை மாஸ்டர். பரதநாட்டியம் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. நவீன நடனம். காலில் சலங்கை கிடையாது, முகத்தில் சாயம் கிடையாது. நடப்போம், நிற்போம், விழுவோம், ஒருவர் மேல் ஒருவர் சாய்வோம். இதைப் பார்க்க ஒருத்தன் டிக்கெட் வாங்கி வருவானா என்று என் மாமனார் சாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

நான் கண்ணால் பிழைக்கிறவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நாலு எட்டு நடந்தால் போதும், எந்தத் தோளில் பை மாட்டுவார், எந்தக் கால் முதலில் களைக்கும், உட்கார்ந்து செய்கிற வேலையா நின்று செய்கிற வேலையா என்று சொல்லிவிடுவேன். நீங்கள் சேலத்தில் ஏறும்போதே பார்த்தேன். வாத்தியார்தானே? இல்லையா? ரேஷன் கடையா! சரி, அதுவும் நின்று செய்கிற வேலைதானே. கிட்டத்தட்ட சரிதான்.

நடனக் குழுவுக்குத் திருப்பூரில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். எங்கள் குழுவை நடத்துகிற நளினா மேடம் வருடத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வார். மேடையே ஏறாதவர்களோடு ஆறு மாதம் வேலை செய்து, கடைசியில் அவர்களை வைத்தே ஒரு நிகழ்ச்சி. ஒரு வருடம் மீன் ஏலக் கூடத்துப் பெண்கள், ஒரு வருடம் பார்வையற்றோர் பள்ளி. அந்த வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் செய்கிற பெண்கள். செக்கிங் என்றால், தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பத்து மணி நேரம் நின்றபடி. தப்பு இருக்கிற இடத்தைப் பார்த்த மாதிரி நகம் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிப் போடுவார்கள். அதற்கு அவர்கள் சொல்கிற பெயர் டேமேஜ்.

முதல் நாளே ஒரு கூத்து. ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம். எல்லோரும் சுவரை ஒட்டி நிற்கிறார்கள். "நாங்க சென்னையில ஒரு கம்பெனி. உங்களோட சேர்ந்து புதுசா ஒரு பீஸ் பண்ணப் போறோம்" என்று ஆரம்பித்தார் நளினா மேடம். நடனக்காரர்கள் நாங்கள் ஒரு நிகழ்ச்சியை பீஸ் என்றுதான் சொல்வோம்; பனியன் கம்பெனியில் பீஸ் என்றால் ஒரு பனியன். ஜோதிமணி என்று ஒரு அம்மா, வாய் கொஞ்சம் நீளம், உடனே கேட்டார்: "எத்தன பீஸுங்க?"

"ஒண்ணுதான்."

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசத்துக்கு ஒரு பீஸா! எங்க மேனேஜர் கேட்டா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவாருங்க."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் மயிலாத்தாள் உள்ளே வந்தார். நாற்பத்து மூன்று வயது. கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கிற ஒரே மகள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று பார்த்தது மெலிந்த ஒரு பெண்ணை, கையில் செருப்போடு. "மயிலுன்னு பேர வெச்சுக்கிட்டு ஆட்டத்துக்கு லேட்டா வர்றா பாரு. வா அம்மிணி, தோகைய விரி" என்றார் ஜோதிமணி.

முதல் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். ஒருவர் பின் ஒருவராகக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான். வெட்கப்பட்டுக்கொண்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள்; ஒருத்தி நடக்காமல் ஓடியே கடந்தாள். கடைசியாக மயிலாத்தாள். இடது கால் வைத்தார். வலது கால் எழுந்தது. எழுந்த கால் இறங்கவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது, எங்கே வைப்பது என்று யோசிப்பதைப் போல. பிறகு இறங்கியது, விரல் முதலில், குதிகால் பிறகு.

நளினா மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "பார்த்தீங்களா தேவா?"

பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தூக்கிய காலைக் காற்றில் நிறுத்த, நிறுத்துவது தெரியாமல் நிறுத்த, எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் கற்றுக்கொடுத்தாலும் வராது. அந்த அம்மாவுக்கு வந்தது.

"அம்மா, இன்னொரு தடவ நடங்க."

"ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?"

"இல்ல இல்ல. ரொம்ப நல்லா இருக்கு."

"கால் கொஞ்சம் இழுக்குதுங்க. நின்னு நின்னு அப்படி."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: மயிலாத்தாள், வலது கால், நிறுத்தம், அரை விநாடி.

எங்கள் குழுவில் ஒரு முறை உண்டு. யாரையும் திருத்தக் கூடாது. அவரவர் உடம்பு எப்படி அசைகிறதோ அதுவே பாடம். எந்த ஊருக்குப் போனாலும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி முதல் நாளே சுவரில் ஒட்டுவோம்: "இங்கே தப்பு என்று எதுவும் இல்லை." எனக்கு அதில் முழு நம்பிக்கை. சின்ன வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். என் இடது முட்டி இன்றைக்கும் மழைக்கு வலிக்கும். அதனால் நான் வாழ்க்கையில் ஒருவரையும், நீ தப்பாக வைக்கிறாய் என்று சொன்னதில்லை. சொன்னதே இல்லை. அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? சொல்லுங்கள்.

அந்த அட்டையை மயிலாத்தாள் ரொம்ப நேரம் பார்த்தார். "பதினாலு வருசமா தப்ப மட்டுந்தான் பாக்கறனுங்க சார். இங்க வந்தா தப்பே இல்லீங்கறீங்க. கண்ணு கூசுதுங்க" என்றார்.

ஞாயிறு தவறாமல் வந்தார். அரை ஷிப்ட் முடித்து, மதியம் சாப்பிட்டும் சாப்பிடாமலும் வருவார். அதற்குப் பிறகு ஒரு நாளும் தாமதமில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலை செய்கிற இடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். ஏழாம் நம்பர் டேபிள் என்பார்களாம். இங்கே பதினாறு பேரும் "மயிலக்கா மாதிரி", "மயிலக்கா மாதிரி" என்று காலைத் தூக்கி நின்று பழகினார்கள். யாருக்கும் வரவில்லை. ஜோதிமணி இரண்டு முறை தடுமாறி விழுந்து, "இதென்னடி இது, கொக்கு மாதிரி நிக்கறது. உனக்கு மட்டும் எப்படிடி வருது?" என்றார். அதற்கு மயிலாத்தாள், "எனக்கு என்னடி தெரியும், அதுவா வருது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதுவா வருது. அதையும் எழுதி வைத்தேன்.

சங்ககிரி தாண்டிவிட்டோமா? அந்தக் கோட்டை மலை உங்கள் பக்கம்தான் தெரியும். சரி, போகட்டும்.

நோட்டு எழுதுவது என் பழக்கம். ஒத்திகை மாஸ்டரின் வேலையே அதுதான். யார் எங்கே நின்றார், எத்தனை எண்ணிக்கைக்குத் திரும்பினார், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மயிலாத்தாளின் நிறுத்தத்தை நான் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தேன். ஜூன் 12, அரை விநாடி. ஜூலை 17, முக்கால். ஆகஸ்ட் 21, ஒன்று. அக்டோபர் 9, ஒன்றே முக்கால். நவம்பர் 13, இரண்டு. இரண்டு விநாடி என்றால் சின்னது என்று நினைக்காதீர்கள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மேடையில் இரண்டு விநாடி நிற்பது ஒரு யுகம். வாரத்துக்கு வாரம் அந்த அம்மா வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்று நளினா மேடத்திடம் சொன்னேன். நிகழ்ச்சியையே அதன் மேல் கட்டிவிடலாம் என்றார் மேடம். மயிலாத்தாள் முன்னால் நடக்க வேண்டும், பதினாறு பேர் பின்னால். அவர் நின்றால் நிற்க வேண்டும், வைத்தால் வைக்க வேண்டும். அவர் என்ன செய்கிறாரோ அதுதான் நடனம். ஒரே ஒரு விதி: மயிலாத்தாளைப் பார், செய்.

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, இதற்கு மட்டும் தேதி எழுதவில்லை, ஒத்திகை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் என்னிடம் வந்து, வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிக் காட்டினார். குதிகாலில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. கம்பெனியிலிருந்து கொண்டு வந்த ஸ்டிக்கர்.

"என்ன இது?"

"டேமேஜுங்க சார். நாந்தானுங்க செக்கிங்கு. பார்த்தேன், மார்க் போட்டுட்டேன். நீங்க பார்த்து ஆல்டருக்கு அனுப்பணுமுங்க."

ஆல்டர் என்றால், தப்பு இருக்கிற துணியைப் பிரித்துத் திரும்பத் தைக்க அனுப்புகிற இடம்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஜோதிமணிதான் சிரிக்கவில்லை. டீயை வைத்துவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் மற்றவர் பேச்சுக்குச் சிரிக்க மாட்டார், தன் பேச்சுக்குத்தான் சிரிப்பார்.

"அட்டையைப் பாருங்கம்மா. இங்க டேமேஜே கிடையாது. இதுதான் உங்க அழகு" என்றேன்.

"அப்படீங்களா" என்றார்.

அன்று சாயங்காலமே மேடத்துக்குப் போனில் சொன்னேன். எந்தக் கால், எந்த இடத்தில் என்று மேடம் கேட்டுக்கொண்டார். பிறகு, "தேவா, அதுதான் உடை" என்றார். முடிவாகிவிட்டது. பதினேழு பேரும் வெள்ளைப் பருத்திப் பாவாடை, வெறுங்கால், வலது குதிகாலில் சிவப்பு அம்பு. நிகழ்ச்சிக்கே 'டேமேஜ்' என்று பெயர் வைத்தோம். துண்டுப் பிரசுரத்தில் அவர் சொன்னதை அப்படியே போட்டோம்: "நாந்தானுங்க செக்கிங்கு." இந்த யோசனை யாருடையது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, மயிலாத்தாள் என்ற தொழிலாளிப் பெண்ணுடையது என்று மேடம் தெளிவாகச் சொன்னார். எடுத்துக்கொண்டு பெயரை மறைக்கிறவர்கள் நாங்கள் இல்லை.

அக்டோபரில் அவருடைய மகள் வந்தாள். கோகிலவாணி, பி.காம். இரண்டாம் வருடம். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"சார், அம்மாவுக்குச் செருப்பு கழண்டு விழுந்துருது. அது தெரியாமயே நடந்து போகுது. நேத்து கடைவீதியில நான் பின்னால போய் எடுத்துட்டு வந்தேன்."

"வார் தளர்ந்திருக்கும்மா."

"மூணு செருப்பு மாத்தியாச்சு சார். ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்குது. நீங்க சொன்னாக் கேக்கும். ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

நான் சொல்லாமல் இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்கே மயிலாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, வலி இருக்கிறதா என்று கேட்டேன். வலியே இல்லை என்றார். வலி இருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். என் பையில் எப்போதும் இருக்கிற முட்டி உறையையும் தைலத்தையும் கொடுத்தேன். "டிசம்பர் 18 நிகழ்ச்சி. அது முடியட்டும். பத்தொன்பதாம் தேதி நானே உங்களக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன்" என்றேன். மகளிடமும் அதையே சொன்னேன். அவள் கிளம்பிவிட்டாள். பத்தொன்பதாம் தேதி என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். இப்போது வேண்டுமானாலும் காட்டுகிறேன்.

இடையில் ஏதாவது செய்து, அந்த நடை போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை எனக்கு ஓடியது உண்மை. மாத்திரை போட்டால் சில சமயம் உடம்பு மாறிவிடும். மேடத்திடம் அதைச் சொன்னேன். மேடம், "சே, அப்படியெல்லாம் யோசிக்காதீங்க" என்றார். நான் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி அன்று கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. எண்ணூறு நாற்காலி போட்டோம், போதவில்லை. கம்பெனி முதலாளிகள் முன்வரிசையில். செக்கிங் பெண்களின் பிள்ளைகள் சுவரோரம் தரையில். கோகிலவாணி பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தாள், உட்கார இடம் இருந்தும்.

நாற்பது நிமிட நிகழ்ச்சி. முப்பத்தோராவது நிமிடத்தில் அந்த நடை வரும். இசை கிடையாது. வெறும் காலடி ஓசை. மயிலாத்தாள் நடந்து வந்தார். மேடை நடுவில் வலது கால் எழுந்தது. நின்றது. பின்னால் பதினாறு கால் எழுந்து நின்றது. நான் மேடை ஓரத்தில் வாட்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நான்கு விநாடி! அவர் ஒரு நாளும் நான்கு போனதில்லை. எனக்கு உடம்பு புல்லரித்தது. முகத்தைப் பார்த்தேன். கண் எங்கேயோ நிலைத்திருந்தது. இப்படி ஒரு ஈடுபாடு யாருக்கு வரும் என்று நினைத்தேன்.

பிறகு விழுந்தார். பக்கவாட்டில், கையை ஊன்றாமல். வலது கால் வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு கை, பிறகு உடம்பு முழுவதும்.

பின்னால் இருந்த பதினாறு பேரும் விழுந்தார்கள். மயிலாத்தாளைப் பார், செய். ஆறு மாதமாக நான் சொல்லிக்கொடுத்தது. எல்லோரும் பக்கவாட்டில் விழுந்து, வலது காலை இழுத்தார்கள். பதினேழு சிவப்பு அம்பு, வெள்ளைப் பாவாடைக்குள்ளே துடிக்கிறது. சபை எழுந்து நின்றது. சொல்கிறேனே, என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிறுத்தியது ஜோதிமணி. தரையில் துடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து உட்கார்ந்து கத்தினார்: "அடியே, இது ஆட்டமில்லடீ!"

அப்போதும் கைதட்டல் ஓயவில்லை. அதையும் நாடகம் என்று நினைத்தார்கள். கோகிலவாணி மேடை மேல் ஏறி ஓடி வந்து அம்மாவின் தலையை மடியில் எடுத்த பிறகுதான் மண்டபம் அமைதியானது.

பவானி வந்துவிட்டது. இங்கே பத்து நிமிடம் நிற்கும். இறங்கி டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? சரி. நானும் குடிப்பதில்லை.

கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலைக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, வலது காலை ஆள்கிற இடத்தில். சின்ன வயது டாக்டரம்மா, நிதானமாகப் பேசினார். எத்தனை நாளாகக் கால் இப்படி என்று மகளிடம் கேட்டார். அவளுக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அரை, முக்கால், ஒன்று. நவம்பர் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இத யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"ஒவ்வொரு வாரமும் அளந்தீங்களா?"

"ஸ்டாப் வாட்ச் வெச்சு."

"ரொம்பத் துல்லியமா எழுதியிருக்கீங்க" என்றார். நோட்டை மூடி என் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்தார். "மெதுவா வளர்ற கட்டி. ஜூன்லயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் என் நோட்டு ஒரு டாக்டருக்கு உதவியது என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் வரவில்லை. நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை அவருக்குப் பேச்சு குழறியது. அருகில் குனிந்து கேட்டேன்.

"பீஸு பாஸாயிருச்சுங்களா சார்?"

"பாஸாயிடுச்சும்மா. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

இரண்டாம் முறை வீட்டுக்குப் போனேன். கோகிலவாணி கல்லூரியை நிறுத்திவிட்டு, அம்மா நின்ற அதே ஏழாம் நம்பர் டேபிளில் சேர்ந்திருந்தாள். வாசலிலேயே என்னை நிறுத்தினாள். அன்று ஒத்திகைக்கு அவள் வந்தபோது நான் அவளை வாசலில் நிற்க வைக்கவில்லை, அவளாகத்தான் நின்றாள். அதை நினைத்துக்கொண்டேன்.

"சார், நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டப்பல்லாம் அம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'மெட்ராஸ்ல இருந்து வந்தவங்களே அழகா இருக்குதுங்கறாங்க, உனக்கு என்னடி'ன்னுச்சு."

 அழகாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்லவா?

"இனிமே வராதீங்க சார்" என்றாள். சத்தம் போடவில்லை. கதவையும் சாத்தவில்லை. நான் தெருமுனை திரும்பும் வரை அங்கேயே நின்றாள். அந்த வயதில் பொறுப்பு தலையில் விழுந்தால் கோபம் வரத்தான் செய்யும். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

நிகழ்ச்சி நிற்கவில்லை. நிறுத்தினால் மயிலாத்தாளுக்குச் செய்கிற அவமரியாதை என்று மேடம் சொன்னார். இப்போது எங்கள் குழுப் பிள்ளைகளே ஆடுகிறார்கள். அந்த நடையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நோட்டைப் பார்த்து. நான்கு விநாடி நிற்க யாராலும் முடியவில்லை, அதனால் இரண்டு விநாடி, நவம்பர் கணக்கு. பிரசுரத்தில் "நடை: மயிலாத்தாள், திருப்பூர்" என்று தனி வரி. பதினோரு ஊர் போயிற்று. ஒரு பிள்ளை மட்டும், மாஸ்டர், இதை ஆடும்போது எனக்குக் கால் மரத்துப்போகிறது என்று சொல்லி விலகிக்கொண்டது. நல்ல டாக்டரிடம் காட்டு என்று உடனே அனுப்பினேன். ஒன்றும் இல்லையாம்.

செங்கப்பள்ளி பிரிவு தாண்டிவிட்டது. இன்னும் அரை மணி நேரம்தான். சுற்றியிருக்கிற தாளைப் பிரித்துக் காட்டுகிறேன், இருங்கள். இந்தப் பக்கம் நூலைப் பிடியுங்கள்.

இதுதான். முப்பத்தோராவது நிமிடம். போட்டோக்காரர் பின்பக்கமாகத் தரையில் படுத்து எடுத்தது. முகம் தெரியாது. கால் மட்டும்தான். தரைக்கு ஒரு சாண் மேலே. குதிகாலில் அம்பு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். ஓரத்தில் மங்கலாகத் தெரிவது ஜோதிமணியின் கால். இதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு கோகிலவாணியிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மாவின் ஞாபகமாக வீட்டில் ஒன்று இருக்க வேண்டாமா?

 நன்றாக இல்லையா?

அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்றா கேட்கிறீர்கள்? மேல் பக்கம். மேலே பார்த்துத்தான் ஒட்டியிருந்தார். செக்கிங்கில் தப்பு இருக்கிற இடத்தைப் பார்த்து ஒட்டுவார்கள் என்று சொன்னேன் இல்லையா? குதிகாலில் ஒட்டி, அம்பு மேலே...

அது தற்செயலாக இருக்கும். அவருக்கு எப்படித் தெரியும்?

தாளைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். நூலில் முடிச்சு விழ மாட்டேன் என்கிறது, பேருந்து ஆட்டம். ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நான் வருவது இது மூன்றாவது தடவை. இரண்டு தடவையும் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். வேலை வந்துவிட்டது. நீங்கள் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால், விலாசம் பின்னால் எழுதியிருக்கிறது, சும்மா கொடுத்துவிட்டு வந்தால் போதும். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

முடியாதா. சரி. பரவாயில்லை. நீங்கள் பாவம், ரேஷன் கடைக்குப் போக வேண்டும்.

மயிலாத்தாள் எப்போது போனார் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். 2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, மாலை ஐந்தே கால் மணிக்கு, நுரையீரலில் சளி கட்டி. ஜோதிமணி போன் செய்தார். அன்று ஏழு மணிக்குப் புதுச்சேரியில் ஒன்பதாவது காட்சி இருந்தது. நடந்தது.